கபாடிவாலாவின் தராசும் கம்பெனியின் குப்பைத்தொட்டியும்

ஜூன் 5 வந்தால் போதும், நம்ம ஆபீஸ்களுக்குப் பச்சைக் காய்ச்சல் வந்துவிடும். வாசலில் பச்சை நிறத்தில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர், ஆளுக்கொரு செடி, எச்.ஆர்.காரர்களிடமிருந்து பூமித்தாயைக் காப்போம் என்று ஒரு மெயில். ஜூன் 6ஆம் தேதி அந்த பேனர் எங்கே போகிறது? சாப்பாட்டு மிச்சம், டீக் கப், கிழித்த பிரிண்ட் அவுட் எல்லாவற்றோடும் சேர்ந்து அதே கறுப்புப் பைக்குள்ளே.

எனக்குப் பூமித்தாய் மேல் ஒரு கோபமும் இல்லை. மறுசுழற்சியைத் தர்ம காரியமாக ஆக்கிவிட்டவர்கள் மேல்தான் கோபம். தர்மம் என்று சொல்லிவிட்டால் லாபம் வருகிற வருஷம் செய்யலாம், நஷ்டம் வருகிற வருஷம் விட்டுவிடலாம் பாருங்கள். சார், இது தர்மம் இல்லை, கணக்கு. கணக்கு எழுதியே டில்லியில் பிழைப்பவன் என்பதால் கணக்காகவே பேசிவிடுகிறேன்.

நமக்கு இது புதுசா என்ன? பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்று வளர்ந்த கூட்டம்தானே நாம்! இங்கே வந்தபிறகும் பழக்கம் போகவில்லை. மயூர் விஹார் மாமிகள் கபாடிவாலாவிடம் "பையா, தராசை ஒழுங்கா பிடி" என்று அரைக்கிலோவுக்குச் சண்டை போடுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வீட்டில் பேப்பர் தனி, பாட்டில் தனி, பேப்பரில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. ஆனால் அதே ஆசாமிகள்தான் ஒன்பது மணிக்கு ஆபீஸுக்குள் நுழைந்ததும் ராஜ்மா வழியும் தட்டை வெள்ளைத்தாள் கட்டின் மேலே கவிழ்க்கிறோம். கேட்டால், கம்பெனி காசுதானே!

முதல் கணக்கு இது. உலர்ந்த, சுத்தமான தாளுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு விலை இருக்கிறது. அட்டைப்பெட்டிக்கு ஒரு விலை, அலுமினிய டப்பாவுக்கு அதைவிட நல்ல விலை. பழைய அலுமினியத்தை உருக்கினால், தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் சக்தியில் சுமார் 95 சதவீதம் மிச்சம் என்பதால்தான் அந்த விலை. ஆனால் தாளின் மேல் பருப்பு கொட்டிய அடுத்த நிமிஷமே அதன் விலை பூஜ்யம். அதோடும் விடாது. ஈரம் ஏறி எடை கூடிய அதே தாளை எடுத்துப்போக நாம் காசு கொடுக்க வேண்டும். வரவில் எழுத வேண்டியதை நம் கையாலேயே செலவுப் பக்கம் தள்ளுகிறோம். இங்குள்ள காகித ஆலைகளோ கச்சாப்பொருள் போதாமல் வெளிநாட்டிலிருந்து பழைய தாளை லட்சக்கணக்கான டன் இறக்குமதி செய்கின்றன. நம்ம கரூர்ப் பக்கம் டிஎன்பிஎல் ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்தே 1980களிலிருந்து காகிதம் பண்ணுகிறார்கள். சக்கையைச் சரக்காகப் பார்க்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள், சரக்கைச் சக்கையாக்குபவர்களும் இருக்கிறார்கள்.

"அதெல்லாம் சரி, பழைய பேப்பர் விற்று மாசம் எவ்வளவு தேறும்?" என்று மேனேஜர்கள் சிரிப்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், பெரிதாகத் தேறாது. பெரிய காசு விற்பதில் இல்லை, பார்ப்பதில் இருக்கிறது. எல்லாம் ஒரே கறுப்புப் பையில் போகும்வரை எதை வீணாக வாங்குகிறோம் என்று யாருக்கும் தெரியாது. பிரித்து வைத்துப் பாருங்கள், எல்லாம் கண்ணில் குத்தும். 200 பேர் உள்ள ஆபீஸ், ஆளுக்கு நாளைக்கு மூன்று பேப்பர் கப், வருஷத்துக்கு 250 வேலைநாள் என்று வைத்துக்கொள்வோம். 1,50,000 கப். ஒன்று ஒரு ரூபாய் என்றாலும் ஒன்றரை லட்சம். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பழைய பேப்பர்காரரும் அதைச் சீண்ட மாட்டார். தலைக்கு 100 ரூபாயில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினால் 20,000 ரூபாயோடு கதை முடிந்தது. அவரவர் டம்ளரை அவரவர் கழுவினால் யார் கையும் தேய்ந்துவிடாது. கேன்டீன் மிச்சத்தை ஒரு வாரம் எடை போடுங்கள், எந்தக் கிழமை எதை அதிகமாகச் சமைக்கிறார்கள் என்று புரியும். பிரிண்டர் தட்டில் யாரும் எடுக்காமல் கிடக்கும் தாள்களை ஒரு வாரம் எண்ணுங்கள். குப்பைத்தொட்டியை விட நேர்மையான ஆடிட்டர் கிடையாது.

இரண்டாவது, சட்டம். 2016இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே ஈரம், உலர்ந்தது, அபாயமானது என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னன. நாளுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை போடும் இடங்களுக்குத் தனிப் பொறுப்பும் வைத்தன. அவற்றின் இடத்தில் 2026இல் வந்த விதிகள் மூன்றை நான்காக்கிவிட்டன. "யார் வந்து பார்க்கப் போகிறார்கள்" என்பவர்கள் ஒரு நாள் காஜிப்பூர் மலையைப் பார்க்கட்டும். 1984இல் குப்பை கொட்ட ஆரம்பித்து, 2002லேயே நிரம்பிவிட்ட இடம் அது. அதற்கப்புறமும் கொட்டினார்கள். 2017 செப்டம்பர் 1 அன்று சரிந்து இரண்டு உயிர் போனது. குப்பையைக் கொட்ட மலிவான பள்ளம் இனி எந்த ஊரிலும் கிடையாது. பள்ளம் இல்லாத ஊரில் பிரிக்காத குப்பைக்குக் கட்டணம் ஏறத்தான் செய்யும்.

மூன்றாவது, பழைய கம்ப்யூட்டர். ஸ்டோர் ரூமை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று மொத்தமாக எவனோ ஒருவனுக்குத் தள்ளிவிடுவது நம் வழக்கம். அது சீலம்பூரில் போய் இறங்கும், ஒயரை எரித்துச் செம்பு எடுப்பார்கள், ஆசிட் கரைசல் சாக்கடையில் ஓடும். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் உங்கள் வாடிக்கையாளர் விவரமும் கூடவே ஊர் சுற்றும். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, 1,000 மின்சாதனங்களுக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனம் பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே பழசைக் கொடுக்க வேண்டும். எதற்கு இவ்வளவு கெடுபிடி என்பவர்கள் மாயாபுரியை நினைத்துக்கொள்ளுங்கள். டில்லி பல்கலைக்கழகத்தில் பல வருஷமாகச் சும்மா கிடந்த ஒரு ஆய்வுக் கருவியை 2010இல் ஏலம் விட்டார்கள். உள்ளே கோபால்ட் 60 இருந்தது. மாயாபுரி பழைய இரும்புக் கடையில் அதைப் பிரித்தபோது கதிர்வீச்சு தாக்கி ஒருவர் செத்தே போனார், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். என்ன விற்கிறோம் என்று தெரியாமல் விற்பது வியாபாரம் ஆகாது.

இதுவரை மேனேஜர்கள் தலையாட்டியிருப்பார்கள். இனிமேல் சொல்லப்போவது அவர்களுக்குக் கசக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு ஆபீஸில் (பேர் வேண்டாம்) ஹவுஸ் கீப்பிங் ஆட்கள்தான் அட்டைப்பெட்டியையும் தாளையும் தனியாக எடுத்து வைத்து விற்று வந்தார்கள். மாசம் சில நூறு ரூபாய், டீச்செலவுக்கு ஆகும். பிறகு பசுமைக் கொள்கை என்று ஒன்று வந்தது. மூன்று கலரில் தொட்டி வந்தது. வெளியே ஒரு ஏஜென்சிக்குக் கான்ட்ராக்ட் போனது. இவர்கள் அட்டையைத் தொட்டால் திருட்டு என்று ஆகிவிட்டது. இரண்டே மாசம், மூன்று கலர்த் தொட்டியும் சாயங்காலம் ஒரே கறுப்புப் பையில் கொட்டப்பட்டது. அவர்கள் மேல் என்ன தப்பு? நாள் முழுக்க நம் எச்சிலில் கைவிட்டுப் பிரிப்பவருக்கு ஒரு பைசா இல்லை, ஆண்டறிக்கையில் போட்டோ மட்டும் டைரக்டருக்கு என்றால் யார் பிரிப்பார்கள்?

புனேயைப் பாருங்கள். 2008இலிருந்து அங்கே ஸ்வச் என்கிற குப்பை பொறுக்குவோர் கூட்டுறவு அமைப்பு மாநகராட்சியோடு சேர்ந்து வீடு வீடாகக் குப்பை எடுக்கிறது. எடுக்கிற கட்டணமும் அவர்களுக்கு, உலர்ந்த பொருளை விற்ற காசும் அவர்களுக்கு. பிரிப்பவருக்கே பலன் என்பதால்தான் பொருள் பிரிந்து போகிறது. ஆபீஸிலும் அதே விதிதான். விற்ற காசை அவர்களுக்கே விட்டுவிடுங்கள், நல்ல கையுறை வாங்கிக் கொடுங்கள். கம்பெனியின் லாபம் கப் வாங்காததிலும், தாள் குறைந்ததிலும், லாரிக் கட்டணம் இறங்கியதிலும் வந்துவிடும். கிலோவுக்குச் சில ரூபாய்க்காக அவர்கள் டீயில் கை வைப்பது கணக்குப்படியும் முட்டாள்தனம்.

திங்கட்கிழமை போனதும் உங்கள் அட்மின் ஆளிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். குப்பை எடுக்க மாசம் எவ்வளவு கொடுக்கிறோம்? போன வருஷம் எத்தனை பேப்பர் கப் வாங்கினோம்? பழைய பேப்பர் விற்ற காசு யாருக்குப் போகிறது? மூன்றுக்கும் பதில் தெரியாத கம்பெனி வாசலில் எத்தனை செடி நட்டாலும் அது வெறும் படம் காட்டுவதுதான்.