பாலியில் இரவு பத்து, ஆவடியில் ஏழரை: எந்த ஊரில் உட்கார்ந்து வேலை பார்ப்பது?

போனில் ரீல்ஸைத் திறந்தால் போதும். கடற்கரை, இளநீர், மடியில் லேப்டாப். 'பாலியிலிருந்து வேலை பார்க்கிறேன், வாடகை இவ்வளவுதான்' என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அதை அம்பத்தூர் ஓ.டி.யிலோ திருமுல்லைவாயலிலோ மாடி போர்ஷனில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு, கீழே அம்மா மிக்ஸி போடும் சத்தத்துக்கு நடுவே, 'நாமும் கிளம்பினால் என்ன?' என்று தோன்றத்தான் செய்யும்.

ரிமோட் வேலைக்கு ஏற்ற நகரங்கள் என்று வரும் பட்டியல்களில் லிஸ்பன், பாங்காக், பாலி, கோலாலம்பூர், துபாய் பெயர்கள் திரும்பத் திரும்ப இடம்பிடிக்கின்றன. வாடகை, இன்டர்நெட் வேகம், ஒரு காபியின் விலை வரை ஒப்பிட்டிருப்பார்கள். ஆனால், நம்மூர்க்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஆபீஸ் எந்த நாட்டில் இருக்கிறது? கையில் இருப்பது எந்த நாட்டு பாஸ்போர்ட்?

முதலில் கடிகாரத்தைப் பார்ப்போம். நியூயார்க்கில் குளிர்காலத்தில் காலை 9 மணி என்றால் ஆவடியில் இரவு 7.30. அங்கே மாலை 5 மணிக்கு வேலை முடியும்போது இங்கே விடியற்காலை 3.30. மார்ச் முதல் நவம்பர் வரை அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பதால் 2.30-க்கே படுக்கலாம். கொடுமைதான். சரி, இதே வேலையைத் தூக்கிக்கொண்டு பாலிக்குப் போனால்? பாலி நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. குளிர்காலத்தில் அங்கே வேலை தொடங்குவது இரவு 10 மணி, முடிவது காலை 6 மணி. கடற்கரையில் எல்லோரும் சூரிய உதயம் பார்க்கும்போது இவர் ஜன்னல் திரையை இழுத்து மூட வேண்டும். கோலாலம்பூரிலும் இதே நேரம்தான். பாங்காக் ஒரு மணி நேரம் பரவாயில்லை, அவ்வளவே.

ஆக, அமெரிக்க கம்பெனிக்கு வேலை பார்ப்பவருக்குக் கிழக்கே போகப் போகத் தூக்கம் போகும். மேற்கே போனால்தான் லாபம். துபாயில் மாலை 6 மணிக்குத் தொடங்கி இரவு 2 மணிக்கு முடிக்கலாம். லிஸ்பனில் மதியம் 2 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 10 மணிக்கு எழுந்துவிடலாம்.

லண்டன் கம்பெனி என்றால் கதை வேறு. லிஸ்பனுக்கும் லண்டனுக்கும் ஒரே கடிகாரம். ஆவடியிலோ குளிர்காலத்தில் மதியம் 2.30 முதல் இரவு 11 வரை. கோடையில் ஒரு மணி நேரம் முன்னதாக. பிள்ளையைக் காலையில் பள்ளிக்கு அனுப்பி, மதியச் சாப்பாட்டையும் வீட்டில் முடித்துவிட்டு உட்காரும் வேலை இது. கோலாலம்பூருக்குப் போனால் இதுவே மாலை 5-க்குத் தொடங்கும். பிரிக்ஃபீல்ட்ஸில் இட்லி கிடைக்கும் என்பதற்காக மாலைப் பொழுதையெல்லாம் இழப்பதா என்று யோசிக்க வேண்டும்.

அடுத்தது விசா. ரீல்ஸ்காரர்கள் வேகமாகத் தாண்டிவிடும் இடம் இது. ரிமோட் வேலைக்கென்றே இந்தோனேசியா தரும் விசாவுக்கு ஆண்டு வருமானம் 60,000 டாலர் காட்ட வேண்டும். டாலருக்கு 85 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 51 லட்சம். துபாய் கேட்பது மாதம் 3,500 டாலர், அதாவது மூன்று லட்சத்தை ஒட்டி. போர்ச்சுகல் 2022 அக்டோபர் இறுதியில் தொடங்கிய விசாவுக்கு அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப்போல நான்கு மடங்கு வருமானம் வேண்டும். 2025 கணக்கில் மாதம் 3,480 யூரோ. மலேசியா கொஞ்சம் இறங்கி வருகிறது: ஐ.டி. துறையினருக்கு ஆண்டுக்கு 24,000 டாலர், சுமார் 20 லட்சம். மனைவி, பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம். தாய்லாந்து 2024-ல் கொண்டுவந்த ஐந்தாண்டு விசாவுக்கு வங்கியில் 5 லட்சம் பாட் இருப்பு காட்ட வேண்டும். ஏறத்தாழ 13 லட்சம் ரூபாய். ஜப்பானும் 2024-ல் இப்படி ஒரு விசா தொடங்கியது. ஆண்டுக்கு ஒரு கோடி யென் சம்பாதித்தாலும் நமக்குக் கதவு திறக்காது. விண்ணப்பிக்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இந்தியாவே இல்லை.

பட்டியலில் முதலிடம் யாருக்கு என்பது இங்கேதான் அடிபட்டுப் போகிறது. அமெரிக்கச் சம்பளம் வாங்குபவருக்கு பாலி மலிவு. இந்தியச் சம்பளம் வாங்குபவருக்கு பாலியின் வாசலே எட்டாத உயரம். 'டூரிஸ்ட்டாகப் போய் ஹோட்டலில் உட்கார்ந்து வேலை பார்த்தால் யாருக்குத் தெரியும்?' என்று சொல்லும் நண்பர் எல்லோருக்கும் உண்டு. மாட்டினால் நாடு கடத்தப்படுவது அந்த நண்பர் அல்ல. கம்பெனி லேப்டாப் வெளிநாட்டில் லாக்-இன் ஆனதும் ஆபீஸுக்கும் தெரிந்துவிடும். பல நாடுகளில் 183 நாள்களைத் தாண்டித் தங்கினால் அந்த ஊர் வருமான வரியும் சேர்ந்துகொள்ளும்.

அப்படியானால் ஆவடியே சொர்க்கமா? அதுவும் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மதியம் 2 வரை கரன்ட்டை நிறுத்துகிறார்கள். லண்டன் ஷிஃப்ட்காரருக்குக் குளிர்காலத்தில் வேலை தொடங்குமுன் கரன்ட் வந்துவிடும். விடிய விடிய அமெரிக்காவுக்கு உழைத்தவர்தான் மே மாதத்தில் ஃபேன் ஓடாமல் புரள்வார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் நின்றது. அந்த நேரத்தில் இன்வெர்ட்டரும் ஃபைபர் இணைப்பும் எத்தனை மணி நேரம் தாங்கின என்பதை இந்தப் பக்கத்து வீடுகள் மறந்திருக்காது.

ஒரு விஷயம் மட்டும் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல: ஷிஃப்ட். 1960-களிலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி எச்.வி.எஃப்.பும் வந்துவிட்டன. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா பகலில் தூங்கினால் தெருவே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். மாடி அறையில் உட்கார்ந்தபடியே நைட் ஷிஃப்ட் பார்க்கும் மகனோ மகளோ பகலில் தூங்கினால், 'வீட்டில்தானே இருக்கே, சிலிண்டர் வந்தா வாங்கி வைப்பா' என்ற குரல் வருகிறது. வீட்டில் இருப்பவர் வேலையில் இருக்கிறார் என்பதைப் பெரியவர்களுக்குப் புரியவைப்பது, விசா வாங்குவதைவிடக் கஷ்டம்.

பட்டாபிராமில் 2024 நவம்பர் 22 அன்று திறந்த 21 மாடி டைடல் பார்க், பூந்தமல்லி வரை நீளும் மெட்ரோ என்று ஆபீஸ்களே மேற்குப் பக்கம் நகர்ந்து வருகின்றன. அதனால் ரிமோட் வேலையை விட்டுவிட்டு அருகிலேயே பகல் வேலை தேடுபவர்களும் இருப்பார்கள்.

ஊர் மாற முடியாதவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டியது நேரத்தை. முழு அமெரிக்கப் பகலுக்கும் விழித்திருக்கத் தேவையில்லாத வேலைகள் உண்டு. டீமோடு பேச நான்கு மணி நேரம் போதும் என்றால், குளிர்காலத்தில் 7.30-க்குத் தொடங்கும் மீட்டிங்குகள் 11.30-க்கு முடிந்துவிடும். மீதி வேலையை மதியமே பார்த்துவிடலாம். அதற்கு விசா வேண்டாம், 60,000 டாலர் வேண்டாம். மேனேஜருக்கு ஒரு மெயில் போட வேண்டும். சம்மதித்தால், கீழே போய் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட ஏழு மணி வாக்கில் அரை மணி நேரம் இருக்கும்.