பழைய ‘ஜோஷ்’... ரேட்டு சரியா பாஸ்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஈ.சி.ஆர். பக்கம் போய்ப் பாருங்க. கோவளம் தாண்டினதும் கலர் கலரா கார்கள் மாமல்லபுரத்தைப் பார்த்துப் போய்க்கிட்டே இருக்கும். ‘நமக்கும் ஒண்ணு இருந்தா...’ என்று ஏங்காத மனசு உண்டா? போர்ஷே, மஸ்டாங் எல்லாம் ஹாஸ்டல் ரூம் சுவரோடு சரி. வேலைக்குச் சேர்ந்து சேர்த்து வெச்ச ஒன்றரை, ரெண்டு லட்சத்தில், ஓட்டும்போது முகத்தில் தானா சிரிப்பு வர மாதிரி ஒரு கார் வேணும்னா, நம்ம ஏரியாவுக்குன்னே ஒரு பதில் இருக்கு. பழைய ஃபோர்டு!

நம்ம ஏரியான்னு சும்மா சொல்லலை. செங்கல்பட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி, ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற மறைமலை நகரில் பிறந்த வண்டிகள் இவை. 1999-ல் ஐகான் வந்தப்போ அதுக்கு வெச்ச விளம்பரப் பெயரே ‘ஜோஷ் மெஷின்’. 1.6 லிட்டர் ரோகாம் பெட்ரோல் எஞ்ஜின், சுமார் 92 குதிரைசக்தி. ஊரே மாருதி 800-ல் போய்க்கிட்டு இருந்த காலத்தில் இது பெரிய விஷயம். அப்புறம் 2005-ல் ஃபியஸ்டா. 2007-ல் அதிலேயே கொஞ்சம் விறைப்பான சஸ்பென்ஷனோடு ‘1.6 எஸ்’. ரெண்டு கதவு கிடையாது, கூரை திறக்காது. ஆனா வளைவில் திருப்பினா, ‘இது குடும்ப கார் இல்லை மச்சி’ என்று ஸ்டியரிங்கே சொல்லும்.

2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போறதா ஃபோர்டு அறிவிச்சது. 2022 ஜூலையில் மறைமலை நகரில் கடைசி கார் வெளியே வந்தது. 2029-ல் அங்கே மறுபடி எஞ்ஜின் தயாரிக்கப் போறதா 2025 அக்டோபரில் அறிவிப்பு வந்திருக்கு. ஆனா ஐகான் திரும்பி வராது. ‘கம்பெனி போன வண்டி’ என்ற பெயர் விழுந்தாலே ரேட்டும் விழும். அதனாலதான் நம்ம பாக்கெட்டுக்கு எட்டுற தூரத்தில் இருக்கு. கைக்கு எட்டினதும் அவசரப்படுறோம் பாருங்க, வில்லங்கமே அங்கேதான்.

இந்த வாரம் சொல்ல வந்தது ஒரே விஷயம். பழைய கார்ல ரெண்டு வகைக் குறை உண்டு. பணம் கொடுத்தா சரியாகிறது ஒண்ணு, எவ்வளவு கொடுத்தாலும் சரியாகாதது இன்னொண்ணு. முதல் வகைக்குப் பேரம் பேசுங்க. ரெண்டாவது வகைன்னா, ‘நல்லது அண்ணே, வர்றேன்’ என்று சொல்லிட்டுக் கிளம்புங்க. ரேட்டு எவ்வளவு இறங்கினாலும் திரும்பிப் பார்க்காதீங்க.

எதுக்கு ‘வர்றேன் அண்ணே’?

முதல் ஆள், துரு. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் கருங்கல்லில் கட்டினது. அந்தக் கல்லையே உப்புக்காத்து அரிக்குது, கல்லில் ஏறின உப்பை எடுக்க தொல்லியல் துறை காகிதக்கூழ் பூசி வைத்தியம் பார்க்குது. தகரத்தை மட்டும் விட்டுவெக்குமா? கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் வருஷக்கணக்கா வெட்டவெளியில் நின்ன வண்டின்னா, மேலே பளபளப்பைப் பார்க்காம கீழே குனிஞ்சு பாருங்க. கதவுகளோட அடி விளிம்பு, வீல் வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கிற பள்ளம், ஜாக்கி வைக்கிற இடம், பேட்டரிக்கு அடியில், மிதியடிக்குக் கீழே தரை, பானட்டைத் திறந்தா சஸ்பென்ஷன் வந்து சேர்ற மேல்பக்கம்... இந்த ஏழு இடமும் பார்க்கணும். மேலோட்டமான துருன்னா டிங்கர் வேலையில் போயிடும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாத் தட்டினா ‘பொதக்’ என்று அமுங்குதா? பாடியே போச்சு. பட்டி வெச்சு பெயின்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்களோன்னு சந்தேகமா இருந்தா, சின்னக் காந்தத்தைத் துணியில் சுத்தி வெச்சுப் பாருங்க. தகரத்தில் ஒட்டும், கனமா பட்டி பூசின இடத்தில் ஒட்டாது.

ரெண்டாவது, வெள்ளம். 2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையிலும் தாம்பரம் பக்கமும் எத்தனை கார் தண்ணியில் நின்னதுன்னு பார்த்தோமே! அதில் சிலது கழுவித் துடைச்சு மார்க்கெட்டுக்கு வந்திருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. உள்ளே சுருண்டிருக்கிற பகுதியில் சேத்துக்கறை இருந்தா கதை தெரிஞ்சுடும். கார்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்க. சீட்டுக்கு அடியில் இருக்கிற போல்ட் துருப்பிடிச்சிருக்கா? ஹெட்லைட்டுக்குள்ளே தண்ணி நின்ன கோடு இருக்கா? வயரிங்ல தண்ணி போன வண்டி இன்னிக்கு ஓடும், நாளைக்கு நடுரோட்டில் நிக்கும். எங்கே ரிப்பேருன்னு மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியாது.

மூணாவது, பெரிய ஆக்சிடென்ட். பானட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கணும். முன்பக்க சேஸிஸில் வெல்டிங் அடிச்ச தடம் இருந்தா வேண்டாம்.

நாலாவது, பேப்பர். ஆர்.சி.யில் இருக்கிற சேஸிஸ் நம்பரும் எஞ்ஜின் நம்பரும் வண்டியில் இருக்கிறதோடு ஒத்துப்போகணும். எம்-பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு ஆர்.சி. எதுவரைக்கும் செல்லும், இன்ஷூரன்ஸ் உயிரோட இருக்கா, லோன் பாக்கி இருக்கான்னு பாருங்க. டி.என்.-19 என்று நம்ம செங்கல்பட்டு நம்பரா இருந்தா விசாரிக்கிறது சுலபம். வெளி மாநில நம்பர்னா என்.ஓ.சி. வாங்கணும், இங்கே மறுபடி வரி கட்டணும், அந்தத் தொகையையும் கூட்டிக்குங்க. லோன் அடைச்சிருந்தா ஃபார்ம் 35. பெயர் மாத்த ஃபார்ம் 29, 30. ‘அப்புறம் மாத்திக்கலாம் தம்பி’ என்று சொன்னா ஒத்துக்காதீங்க. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்புன்னு 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. பெயர் மாத்துறது வாங்குறவருக்கு மட்டுமில்லை, விற்கிறவருக்கும் நல்லது. அவருக்கே இதை எடுத்துச் சொல்லுங்க, உடனே கையெழுத்துப் போடுவார்!

எதுக்குப் பேரம்?

டயர், பேட்டரி, கிளட்ச் பிளேட், ஷாக் அப்சார்பர், புஷ், பால் ஜாயின்ட், ஏ.சி. கேஸ், ரேடியேட்டர்... இதெல்லாம் தேயும். மாத்தினா சரியாகிடும். இது எதையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு தொகை இருக்கு, அதை எழுதிப் பார்க்கணும்.

ஒரு பேச்சுக்கு ரெண்டு ஐகான் வருதுன்னு வெச்சுக்குங்க. முதல் வண்டி 1,10,000 ரூபாய். ரெண்டாவது 1,75,000. நம்ம கை தானா முதல் வண்டிப் பக்கம் போகும். இப்போ பேப்பரை எடுங்க. முதல் வண்டிக்கு நாலு டயர் 18,000, சஸ்பென்ஷன் வேலை 20,000, கிளட்ச் 12,000, ஏ.சி. 15,000, டிங்கரிங்-பெயின்ட்டிங் 40,000. மொத்தம் 1,05,000. ஆக அந்த வண்டியோட உண்மையான விலை 2,15,000. ரெண்டாவது வண்டிக்கு ஒரு முழு சர்வீஸும் சில்லறை வேலையும் சேர்த்து 15,000. ஆக 1,90,000. ‘சீப்பா’ வந்த வண்டி 25,000 ரூபாய் ஜாஸ்தி! அதுவும் ரெண்டு மாசம் ஒர்க்‌ஷாப்பில் நின்ன பிறகு. இந்தத் தொகையெல்லாம் கணக்குக்காகப் போட்டது. உங்க மெக்கானிக் சொல்ற தொகையைப் போட்டு நீங்களே எழுதிப் பாருங்க. பேரம் பேசும்போது ‘கொஞ்சம் குறைச்சுக்குங்க அண்ணே’ என்று கெஞ்சுறதைவிட, இந்தச் சீட்டை நீட்டினா மரியாதையும் கிடைக்கும், ரேட்டும் இறங்கும்.

ஒண்ணு கவனிங்க. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தின வண்டி, சைலன்சரை மாத்தி அலறவிட்ட வண்டி, இதுக்கெல்லாம் ‘முப்பதாயிரம் செலவு பண்ணியிருக்கேன் ப்ரோ’ என்று கூடுதலாக் கேட்பாங்க. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. பழையபடி மாத்துற செலவைக் கழிச்சுட்டுத்தான் பேசணும்.

ஓட்டிப் பார்க்கிறது எப்படி?

‘வந்துட்டு இருக்கேன்’ என்று போன் பண்ணிட்டுப் போனா, எஞ்ஜினைச் சூடாக்கி வெச்சிருப்பாங்க. போனதும் பானட்டில் கை வெச்சுப் பாருங்க. ஜில்லுன்னு இருக்கணும். அப்பதான் ஸ்டார்ட் பண்ணச் சொல்லணும். ஸ்டார்ட் ஆக இழுக்குதா? நீலப்புகை வந்தா எஞ்ஜின் ஆயில் குடிக்குது. வெள்ளைப்புகை நிக்காம வந்தா கூலன்ட் உள்ளே போகுதோன்னு சந்தேகம். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே ஆயில் மூடியைத் திறந்து பார்த்துடுங்க. உள்ளே பால் டீ நிறத்தில் கொழகொழன்னு இருந்தா, ஆயிலில் தண்ணி கலந்திருக்கலாம். அது பெரிய வேலை.

மீட்டர் 60,000 கிலோமீட்டர் காட்டும், கிளட்ச் பெடலோட ரப்பர் வழவழன்னு தேய்ஞ்சிருக்கும், ஸ்டியரிங் பளபளக்கும். எதை நம்பணும்? பெடலைத்தான். டயரோட பக்கத்தில் நாலு எண் இருக்கும். ‘2319’ என்றால் 2019-ஆம் வருஷத்தோட 23-வது வாரம் செஞ்சது. பட்டன் நல்லாத் தெரிஞ்சாலும் ஆறேழு வருஷ டயரை நம்பி வேகம் போகாதீங்க.

அப்புறம் ரோடு. தெருமுனை வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தா ஒண்ணும் தெரியாது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். இதுதான் சரியான பரீட்சை ஹால். ஊருக்குள்ளே நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறுதான்னு பார்க்கலாம். வேகத்தடைகளில் ‘டொக் டொக்’ சத்தம் வந்தா புஷ், லிங்க் ராடு. ஆள் இல்லாத நேரான இடத்தில் ஸ்டியரிங்கை லேசாப் பிடிச்சு பிரேக் அடிச்சா வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. கூட ஒரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க. விற்கிறவர் சொல்ற மெக்கானிக் வேண்டாம், நமக்குத் தெரிஞ்சவர். அவருக்குக் கொடுக்கிற கூலிதான் இந்த டீல்லயே நல்ல முதலீடு.

வாங்கின பிறகும் கணக்கு இருக்கு!

எஞ்ஜின் 1,500 சிசியைத் தாண்டினா தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டணம் வேற. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய். அதுக்கு மேலே 7,897 ரூபாய். ஆக 1.6 ஐகான் ஓட்டுறவர், 1.3 ஐகான் ஓட்டுற நண்பரைவிட ரெண்டு மடங்குக்கு மேல் கட்டுவார். 15 வருஷம் ஆன காரோட ஆர்.சி.யைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டின கார்னா 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 10,000 ரூபாய். பசுமை வரி தனி. 2003 ஐகான் வாங்கப்போறவர் இதைப் பேரத்துக்கு முன்னாடியே கேட்டுக்கணும். ஆர்.சி. காலாவதியான வண்டின்னா, புதுப்பிச்சுக் கொடுத்த பிறகுதான் முழுப் பணம்.

பங்க்கில் இப்போ வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டிகள் அதுக்காகச் செஞ்சது இல்லை. பெட்ரோல் ஹோஸ், ரப்பர் வாஷர் எல்லாம் வெடிப்பு இல்லாம இருக்கான்னு பார்த்து, சந்தேகம்னா உடனே மாத்திடுங்க. ஸ்பேர் விஷயத்தில் சென்னை புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் கைகொடுக்கும். ஆனா வாங்குறதுக்கு முன்னாடியே ஒரு ஹெட்லைட், ஒரு பம்பர், ஒரு கிளட்ச் செட் என்ன விலை, உடனே கிடைக்குமான்னு அங்கே கேட்டுப் பாருங்க. பதில் பிடிக்கலைன்னா அந்த மாடலே வேண்டாம்.

கடைசியா ஒண்ணு, இதில் மட்டும் விளையாட்டு இல்லை. புது கார்கள் எல்லாத்திலும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019-ல்தான். டிரைவர் ஏர்பேக் கட்டாயமானதும் அதே வருஷம்தான். நீங்க பார்க்கிற பழைய வண்டியில் ரெண்டுமே இல்லாமல் இருக்கலாம். ஈ.சி.ஆரில் நூறில் போகும்போது குறுக்கே மாடு வந்தா, உங்களைக் காப்பாத்துறது டயரும் பிரேக்கும் சீட் பெல்ட்டும் மட்டும்தான். அதனால கையில் ரெண்டு லட்சம் இருந்தா ரெண்டு லட்சத்துக்கும் வண்டி வாங்காதீங்க. ஒன்றரையில் முடிச்சுட்டு, மீதி ஐம்பதாயிரத்தை முதல் மாசத்து டயர், பிரேக், ஹோஸ், ஆயில் வேலைக்குத் தனியா எடுத்து வைங்க. மியூசிக் சிஸ்டம் அப்புறம் பார்த்துக்கலாம்.

ஒன்றரைக்குள்ளே நல்ல 1.6 சிக்கலையா? நல்ல கண்டிஷனில் இருக்கிற 1.3 வாங்குங்க. சொத்தையான 1.6-ஐவிட அதில்தான் நிஜமான ஜோஷ் இருக்கும். அதுவும் கிடைக்கலைன்னா இன்னும் நாலு மாசம் சேர்த்து வைங்க. இந்த மாடலை இனிமே செய்ய மாட்டாங்கதான், ஆனா நம்ம பணத்துக்கும் நம்ம உயிருக்கும் ஏத்த வண்டி ஒண்ணு எங்கேயோ ஒரு ஷெட்டில் நிழலாக் காத்துக்கிட்டுத்தான் இருக்கு.

தேடுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்!