தெளிந்த நீரும் தூய நீரும்

கலங்கிய நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்து விடுவது நம் ஊர்களின் பழைய வழக்கம். மறுநாள் நீர் பளிங்குபோல் இருக்கும். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குழாய் நீரை நம்பி வாழும் நமக்கு அக்கொட்டை இன்று தேவைப்படுவதில்லை. ஆயினும், தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகாது என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

நீரிற் கரைந்த காரீயத்திற்கு நிறமில்லை; நாவும் அதை அறியாது. பழைய குழாய், பற்றவைத்த மூட்டு, பித்தளைத் திருகு ஆகியவற்றில் இரவெல்லாம் தேங்கும் நீரில் அது சிறுகச் சிறுகக் கலக்கக்கூடும். நீரைக் காய்ச்சினாலும் நீங்காது. நீர் சுண்டச்சுண்டக் காரீயத்தின் செறிவு கூடவே செய்யும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். இந்தியத் தரக் கட்டளை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என வரம்பு வகுத்துள்ளது. ஆயினும், தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தாவரப் பொருள்கள் இந்த நஞ்சைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் உடையவை. தோல், இலை, விதை இவற்றின் பரப்பில் உள்ள எதிர்மின் தன்மை வாய்ந்த அணுக்கூட்டங்கள், நேர்மின் ஏற்ற காரீயத்தை ஈர்த்து நிறுத்துகின்றன. வாழைப்பழத் தோல் தூள் ஆற்று நீரிலிருந்து காரீயத்தையும் செம்பையும் பிரிப்பதை 2011-இல் பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் காட்டினர். 2025-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார், ஒரு கோப்பை நீரில் ஒரு தேயிலைப் பையைச் சில நிமிடம் ஊறவைத்தால் காரீயத்தில் ஏறத்தாழ நூற்றுக்குப் 15 பங்கு குறைவதாகக் கண்டனர். அக்குழுவின் தலைவர் விநாயக் திராவிட் நம் பவாய் ஐ.ஐ.டி.யில் பயின்றவர்.

இதைக் கேட்டதும் குடத்தில் வாழைத்தோலைப் போட்டுவிடலாகாது. 15 பங்கு நீங்கினாலும் 85 பங்கு நீரிலேயே நிற்கும். தோல் அழுகினால் கிருமிகள் பெருகும். பற்றிய நஞ்சும் அழிவதில்லை, தோலிலேயே தங்கும். அதைச் செடிக்கு உரமாக இடுவதும் தகாது. அளவறிந்து, சோதித்து, கழிவைப் பத்திரமாக அகற்றும் நிலையங்களிலேயே இம்முறை முழுப்பயன் தரும்.

இல்லத்தில் நாம் செய்யக்கூடியவை எளியவை. காலையில் முதலில் வரும் நீரைத் தரை கழுவ எடுத்துக்கொள்வோம். பிறகு வருவதைச் சமைக்கவும் பருகவும் பிடிப்போம். பழைய பெயிண்ட் டப்பாவிலும் ரசாயன டிரம்மிலும் குடிநீரைச் சேமியாதிருப்போம். ரசத்திற்கு ஈயச்சொம்பு வாங்கும் சகோதரிகள், அது கலப்பற்ற வெள்ளீயந்தானா எனக் கேட்டறிக. காரீயம் கலந்திருப்பின் புளியின் புளிப்பு அதைக் கரைத்துவிடும். வடிகட்டும் கருவி வாங்குவோர், காரீயத்தை நீக்கும் என்பதற்குச் சான்று உண்டா எனப் பார்த்து வாங்குக.

ஒரே தொட்டி நீரைப் பருகும் குடும்பங்கள் ஒன்றுகூடிச் செலவைப் பகிர்ந்து, நீரை ஆய்வுக்கூடத்தில் சோதிப்பிப்பது நலம். குழந்தைகளின் படிப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். அவர்கள் பருகும் நீரையும் அவ்வாறே பேணுவோமாக.