மூவிலை மரத்தின் பூ மணக்காதா?

தோட்டம் போடுகிறவர்கள் நடுவே ஒரு கூற்று கேள்வியே இல்லாமல் உலவுகிறது. எலுமிச்சைக் குடும்பத்தில் குளிர் தாங்கும் மரங்களின் பூவுக்கு வாசம் கிடையாதாம். வாசம் எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி போன்ற வெயில் நாட்டு மரங்களுக்கே உரியதாம். இரண்டையும் கலந்தால் பனி தாங்கும் வலு வரும், வாசம் போய்விடுமாம். ஊட்டியில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவருக்கும், லண்டனிலோ டொராண்டோவிலோ தொட்டியில் ஒரு செடி வளர்க்க ஆசைப்படும் தமிழருக்கும் இதையே சொல்லி அனுப்புகிறார்கள். அவர்களும் நம்பி, ஆசையைக் கைவிட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

நம் சமவெளியில் பனி உறைவதில்லை. ஆனால் இந்தக் கூற்றை மறுப்பதற்கான முதல் சாட்சியைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. சிவன் கோயில் நந்தவனம் ஏதாவது ஒன்றுக்குப் போனால் போதும்.

வில்வம் எலுமிச்சைக் குடும்பத்து மரம். மூன்று இலைகள் சேர்ந்த கூட்டிலை, முள், வருடத்தில் ஒருமுறை இலையுதிர்வு என்று எல்லாம் உண்டு. நம் சமவெளி வெயிலில் வளர்கிற இதே மரம், பஞ்சாபில் 4,000 அடி உயரம் வரை வளர்கிறது. அங்கே கோடையில் 48 டிகிரி செல்சியஸ் வெயிலையும், குளிர்காலத்தில் உறைநிலைக்கு 6 டிகிரி கீழே இறங்கும் குளிரையும் அது தாங்குகிறது. அதன் பூ வெளிர்பச்சை கலந்த வெள்ளை, நடுவில் மகரந்தத் தாள்கள் நெருக்கமாக நிற்கும், தேன் வாசம் வீசும். குளிர் தாங்கும் குணமும் பூ மணமும் ஒரே மரத்தில் சேர்ந்தே இருக்கின்றன. அர்ச்சனைக்கு இலை பறிக்கிறோம். இளங்கொழுந்தோடு வருகிற பூவைப் பார்க்க நேரமில்லாமல் போகிறது. அந்தக் கவனக்குறைவுக்கு மரம் என்ன செய்யும்?

கறிவேப்பிலையையும் சொல்ல வேண்டும். வெப்பம் 16 டிகிரிக்குக் கீழே போனால் அதன் தளிர் மொட்டுகள் உறங்கிவிடும், புதுக் கொழுந்து வராது. இமயமலை அடிவாரக் காடுகளில் குளிர்காலத்தை இப்படித்தான் அது கடத்துகிறது. வெயில் திரும்பியதும் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ பூக்கிறது, அந்தப் பூவும் மணக்கிறது. சீனாவிலும் ஜப்பானிலும் வளரும் கும்குவாட் என்ற சிறு ஆரஞ்சு, எலுமிச்சையை விடக் குளிரை நன்றாகத் தாங்கும். அதுவும் கோடையில் மணமுள்ள வெள்ளைப் பூக்களே பூக்கும்.

இங்கே அடிப்படையான ஒரு குழப்பம் இருக்கிறது. குளிர் தாங்குவது மரம் உறங்கும்போது நடக்கிற காரியம். மொட்டு மூடிக்கொள்ளும், சில மரங்கள் இலையை உதிர்க்கும், திசுக்களில் சர்க்கரை கூடும். பூவில் மணம் உண்டாவது மரம் விழித்த பிறகு, இதழ்களின் செல்களில் நடக்கிறது. காலமும் வேறு, இடமும் வேறு, வேலை செய்கிற மரபணுக்களும் வேறு. ஒன்று வந்தால் மற்றது போக வேண்டும் என்பதற்குக் காரணமே இல்லை.

அடுத்து, கூற்றின் பலமான ஆதாரமாகக் காட்டப்படும் மூவிலை ஆரஞ்சு. இதன் தாயகம் சீனா. இலையுதிர்ந்து நன்றாக உறங்கிய நிலையில் உறைநிலைக்கு 20 டிகிரி கீழேகூடப் பிழைக்கும். எலுமிச்சையின் நெருங்கிய உறவுகளில் குளிருக்கு இதைவிடப் பெயர்போன மரம் இல்லை. இதன் பூ மணம் எலுமிச்சைப் பூவின் அளவுக்கு வராது என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குறைவு என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. இது பூப்பது எப்போது என்று பாருங்கள். வசந்தத்தின் தொடக்கத்தில், இலை வருவதற்கு முன்பே, குளிர் முழுதும் விலகாத நாட்களில் வெற்றுக் கிளையில் பூக்கிறது. பூ மணம் என்பது காற்றில் ஆவியாகிப் பரவும் பொருள்களின் கூட்டு. குளிர்ந்த காற்றில் அவை குறைவாகவே எழும். எலுமிச்சையைச் சித்திரை வெயிலில் முகர்கிறோம், மூவிலையைக் குளிர்க் காற்றில் முகர்கிறோம். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமில்லை. வெயில் ஏறிய நண்பகலில் பூவுக்கு அருகே போய் முகர்ந்தவர்கள் அதன் இனிய மெல்லிய மணத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

கலப்பினத்தில் மணம் போய்விடும் என்ற வாதம்தான் எல்லாவற்றிலும் பெரிய அநியாயம். அதன் வரலாறு தெரிந்தால் அது எங்கிருந்து வந்தது என்பது புரியும். 1894-95 குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இரண்டு முறை கடும் உறைபனி விழுந்து ஆரஞ்சுத் தோப்புகள் அழிந்தன. அதன் பிறகு வால்டர் ஸ்விங்கிள் என்ற தாவரவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் சாத்துக்குடி இன ஆரஞ்சையும் மூவிலை ஆரஞ்சையும் கலந்தார்கள். 1897-இல் தொடங்கிய அந்தக் கலப்புகளுக்கு சிட்ரேஞ்ச் என்று பெயர். பனி தாங்கும் இனிப்புப் பழம் வேண்டும் என்பதே நோக்கம். பழம் கசந்தது. ஆனால் வேர் அருமையாக அமைந்தது. ட்ராயர், கரிஸோ போன்ற சிட்ரேஞ்சுகள் உலகமெங்கும் வேர்ச்செடிகளாகப் பரவின. நம் நாட்டிலும் குடகு ஆரஞ்சுக்கு மூவிலை ஆரஞ்சை வேர்ச்செடியாகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள்.

வேர்ச்செடிக்கு என்ன நேரும் என்று ஒட்டுக் கட்டத் தெரிந்த எவரும் சொல்வார். கன்று விரல் பருமன் வந்ததும் வேறு மரத்தின் மொட்டை அதில் கட்டி, மேல்பகுதியை வெட்டிவிடுவார்கள். பக்கத்தில் துளிர்த்தாலும் கிள்ளி எறிவார்கள். இப்படிக் கோடிக்கணக்கில் வளர்க்கப்பட்ட செடிகள் பெரும்பாலும் ஒரு பூகூடப் பூக்காமலே மண்ணோடு நின்றுவிட்டன. பூக்கவே விடாத செடியின் பூவுக்கு மணமில்லை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம்! இன்னொன்றும் உண்டு. கலப்பினங்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் பார்த்தவை பனி, வேரழுகல், நூற்புழு, நச்சுயிரி நோய், பழத்தின் சுவை ஆகியவை. பூ மணத்துக்காக யாரும் வரிசையாக முகர்ந்து தேர்ந்தெடுத்ததாகத் தெரியவில்லை. தேடாத ஒன்று கிடைக்கவில்லை என்று சொல்வது ஆதாரமாகாது.

சிட்ரேஞ்சின் இலை மூன்றாகப் பிரிந்திருப்பதைக் காட்டி, பூவும் மூவிலை ஆரஞ்சின் பூ போலத்தான் இருக்கும் என்கிறார்கள். மூவிலைத் தன்மை ஓங்கு பண்பு. பெற்றோரில் ஒன்று மூவிலையாக இருந்தால் முதல் தலைமுறைக் கன்றில் அது தெரிந்துவிடும். கலப்புக் கன்றைப் பிரித்தறிய நாற்றங்காலில் இதுதான் அடையாளம். பூ மணம் இப்படி ஒற்றைப் பண்பாக இறங்குவதில்லை. லினலூல், மீத்தைல் ஆந்த்ரனிலேட், இண்டோல் என்று பல பொருள்கள் அதில் சேர்கின்றன (இவை மல்லிகையிலும் இருப்பவை). ஒவ்வொன்றையும் ஆக்கும் நொதிகள் வேறு. ஆகவே ஒரே பெற்றோரின் இரண்டு கன்றுகளில் ஒன்று நன்றாக மணக்கலாம், மற்றது மெல்ல மணக்கலாம். இலையைப் பார்த்து மணத்தைக் கணிக்க வழியில்லை.

இலையைக் கசக்கிப் பார்த்தாலே பூ தெரிந்துவிடும் என்பவர்களுக்குச் சுருக்கமான பதில் போதும். வாசனைத் திரவியத் தொழிலில் கசப்பு ஆரஞ்சு என்ற ஒரே மரத்திலிருந்து மூன்று தனித்தனி எண்ணெய்கள் எடுக்கிறார்கள். பூவிலிருந்து வருவது நெரோலி, இலை, சிறு கிளைகளிலிருந்து வருவது பெட்டிட்கிரெய்ன், தோலிலிருந்து வருவது வேறொன்று. மூன்றும் மூன்று விலை, மூன்று வாசம். நம் விளா இலையைக் கசக்கினால் சோம்பு வாசம் வரும், அதன் பூவில் அந்த வாசத்தைத் தேடிப் பயனில்லை. இலை எண்ணெய் சுரப்பிப் பைகளில் அடைபட்டிருப்பது, இலையைத் தின்ன வரும் பூச்சிகளைத் தடுப்பதற்கு. பூவின் மணம் பூச்சிகளை அழைப்பதற்காகப் பூ விரியும்போது வெளிவிடப்படுவது.

கடைசியாக, 'கலப்பினம் வாங்கி வளர்த்தேன், மணக்கவே இல்லை' என்று சொந்த அனுபவத்திலிருந்து பேசுகிறவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கலப்பினமே வளர்த்தார்களா என்று கேட்க வேண்டியிருக்கிறது. மூவிலை ஆரஞ்சு உட்பட இந்தக் குடும்பத்தில் பல மரங்களின் ஒரே விதையில் பல கருக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தக் கலப்பு இல்லாமல் தாயின் திசுவிலிருந்தே உண்டாகி, தாயின் நகலாகவே வளரும். மூவிலைத் தாயின் விதையிலிருந்து முளைத்த மூவிலைக் கன்று கலப்பா நகலா என்பதை இலையை வைத்துக்கூடச் சொல்ல முடியாது. கன்று வாங்கும்போது அது விதைக் கன்றா, பெயர் தெரிந்த தாய்மரத்தின் ஒட்டா என்று கேளுங்கள். முடிந்தால் பூத்திருக்கும் நாளில், வெயில் ஏறிய பிறகு நர்சரிக்குப் போய், அந்தத் தாய்மரத்தின் பூவை முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.