பகடியும் வழிநூலே: அசைவூட்டத் தொடர்களின் தமிழ்க் குரல்வடிவம்

திரைப்படம், தொலைக்காட்சி, அரசியல் என வெகுசனப் பண்பாட்டின் எல்லாக் கூறுகளையும் சுட்டி நகைக்கும் அசைவூட்டத் தொடர்கள் தமிழிலும் ஒலிக்கத் தொடங்கி நெடுநாளாகிறது. எனினும், அச்சேறிய பனுவலே ஆய்வுக்குரியது என்னும் வழக்கத்தாலும், சிறுவர் நிகழ்ச்சி எளியது என்னும் கருத்தாலும் அவற்றின் தமிழ்க் குரல்வடிவம் தமிழ்த்துறைகளின் கவனத்தைப் போதிய அளவில் பெறவில்லை. அவ்வடிவம் வெறும் ஒலிமாற்றமன்று, ஒரு மொழிபெயர்ப்பு. மரபியல் வழிநூலின் வகை நான்கனுள் மொழிபெயர்ப்பையும் வைத்து எண்ணுகிறது. அந்த இடம் இதற்கும் உரியது.

பகடி தனித்து நிற்பதன்று. கேட்போர் முன்னரே அறிந்த ஒன்றைச் சார்ந்தே அது பொருள் தருகிறது. 1989இல் அமெரிக்காவில் தொடங்கிய சிம்ப்சன்ஸ் அந்நாட்டுத் திரைப்படங்களையும் பிற தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் இடைவிடாது கேலி செய்கிறது. சுட்டப்படும் படத்தை அறியாதவருக்கு அக்கேலி புலப்படுவதில்லை. விஜய் தொலைக்காட்சியின் லொள்ளு சபாவுக்கு இச்சிக்கல் எழவில்லை. அது பகடி செய்த தமிழ்ப் படங்களைப் பார்வையாளர் காட்சி காட்சியாக அறிந்திருந்தனர். அதன் பெயர் மக்களவையைக் குறிக்கும் ‘லோக் சபா’வை நையாண்டி செய்தது. மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களின் நகைச்சுவை நாடகங்களைக் கண்டு பழகியோர்க்கு அப்பெயரில் இன்னொரு பொருளும் கேட்டிருக்கும். மெய்ப்பாட்டியல் நகைக்குரிய நிலைக்களன்களுள் ஒன்றாகக் கூறும் எள்ளல், எள்ளப்படும் பொருளைப் பேசுவோரும் கேட்போரும் ஒருங்கே அறிந்திருக்கும்போதுதான் நிறைவுறுகிறது.

அந்தப் பொது அறிவு இல்லாதபோது மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வது? 2007 ஏப்ரலில் சன் குழுமம் தொடங்கிய சுட்டி டிவி இக்கேள்விக்குப் பல விடைகளைத் தந்தது. டோராவின் பயணங்கள் பகடித் தொடரன்று. ஆயினும் அதன் பெயர்மாற்றங்கள் தெளிவான சான்றுகள். மூலத்தில் களவாடுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பெயர்பெற்ற நரி, தமிழில் ‘குள்ளநரி’ ஆனது. விலங்கியல் நோக்கில் இது பிழை. இரண்டும் வேறு வேறு இனங்கள். பண்பாட்டு நோக்கிலோ மிகச் சரியான தேர்வு. நாட்டார் கதைகளில் குள்ளநரியின் தந்திரத்தைக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு அப்பெயரே பாத்திரத்தின் குணத்தைச் சொல்லிவிடுகிறது. காலணியால் பெயர்பெற்ற குரங்கு ‘புஜ்ஜி’ ஆனபோது காலணிக் குறிப்பு மறைந்து, குழந்தையைச் செல்லமாக விளிக்கும் பெயரின் நெருக்கம் வந்து சேர்ந்தது. பின்னர் ‘டோரா புஜ்ஜி’ என்னும் இணைப்பெயரே அன்றாடக் கிண்டலில் வழங்கும் சுட்டாயிற்று. பிற பண்பாட்டிலிருந்து வந்த ஒன்று, தமிழ்ப் பகடிக்குத் தானே பொருளானது.

ஜாக்கி சான் சாகசங்கள் எதிர்த்திசையில் அமைந்த சான்று. 2000 முதல் 2005 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான அத்தொடர், ஹாங்காங் திரைநாயகர் ஒருவரின் புகழையே கருவாகக் கொண்டது. அதில் மூதாளரான மாமா ஓதும் மந்திரம் கண்டனிய மொழித்தொடர்; தீய ஆவிகளை விரைந்து அகலச் சொல்வது. தமிழ் வடிவம் அதனை மொழிபெயர்க்கவில்லை. ஒலியை அப்படியே நிறுத்திக்கொண்டது. பொருளறியாமலே ஒரு தலைமுறைச் சிறுவர் அதனை மனனம் செய்தனர். மந்திரத்துக்கு ஒலியே ஆற்றல் என்னும் நம்பிக்கை தமிழ்ச் சூழலில் முன்பே உண்டு என்பதால் அத்தேர்வு இயல்பாகப் பொருந்தியது. எதை மாற்றுவது, எதை விடுவது என்னும் இத்தெரிவில்தான் மொழிபெயர்ப்பாளரின் புலமை வெளிப்படுகிறது.

இத்தகைய மாற்றங்கள் மூலத்தைச் சிதைக்கின்றன என்பது ஒரு மறுப்பு. பகடியில் சொல்லுக்குச் சொல் உண்மையாக இருப்பதே பெருஞ்சிதைவு. சொல் எஞ்சும், நகை எஞ்சாது. பேச்சுவழக்கு குழந்தைகளின் தமிழைக் கெடுக்கும் என்பது இன்னொரு மறுப்பு. பாத்திரத்துக்கேற்ற பேச்சை அமைப்பது நாடகத்துக்குக் குறையாகாதபோது, அசைவூட்டத்துக்கு மட்டும் குறையாவதில்லை. கருதத்தக்க மறுப்பு ஒன்றுண்டு: அயல் சுட்டு ஒவ்வொன்றுக்கும் தமிழ்த் திரைப்படச் சுட்டையே மாற்றாக வைத்தால் தமிழ்ப் பண்பாடு என்பது திரைப்படமாகவே சுருங்கும், அப்படம் மறக்கப்படும்போது நகையும் மறையும். ‘குள்ளநரி’ இன்றும் நிலைக்கக் காரணம் அது திரையரங்கிலிருந்தன்றிக் கதைமரபிலிருந்து வந்தமையே.

மறதி என்னும் இவ்விடர்தான் ஆய்வாளரின் உடனடிக் கவனத்துக்குரியது. பகடி மிக விரைவில் உரை வேண்டிநிற்கும் இலக்கிய வகை. இன்று எல்லோரும் புரிந்து சிரிக்கும் குறிப்பு, முப்பது ஆண்டுகளில் விளங்காச் சொல்லாகிவிடும். குரல்வடிவப் பனுவல்கள் அச்சில் வாசிக்கக் கிடைப்பதில்லை. அவற்றை எழுதியோரும் குரல் தந்தோரும் இலக்கிய வரலாற்றில் இடம்பெறவில்லை.

அடையாற்று முகத்துவாரத்துக்கு வடக்கே எம்.ஆர்.சி. நகரில் சன் குழுமத்தின் தலைமையகம் நிற்கிறது. தெற்கே பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல்நிலையம் இருக்கிறது. 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தவர், மூலத்தை மட்டுமன்றி அதனை விளங்கவைக்கும் உரையையும் காத்தார். அம்மரபுக்கு உரிமை கொண்டாடும் தமிழ்த்துறைகள் மூன்று பணிகளை ஏற்கலாம்: குரல்வடிவங்களை எழுத்துப்படியாக்குதல், உரையாடல் எழுதியோரையும் குரற்கலைஞரையும் நேர்கண்டு பதிவுசெய்தல், பண்பாட்டுச் சுட்டுகளுக்குக் குறிப்புரை எழுதுதல். பார்த்துச் சிரித்த தலைமுறை ஆய்வு மாணவராக வகுப்பறையில் அமர்ந்திருக்கும் காலம் இது. உரை எழுதுவதற்கு இதைவிட வாய்ப்பான காலம் மீண்டும் வாராது.