தலைமுடி எழுந்து நின்றால்…



'சிரிப்புப் படம்' பகுதிக்கு வந்த ஒரு படத்தை இந்த இதழில் வெளியிடவில்லை. அதை அனுப்பிய சேலத்துத் தம்பதியிடம் தொலைபேசியில் பேசி, அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

கல்யாண நாளுக்காக ஏற்காடு போயிருக்கிறார்கள். மே மாதப் பிற்பகல், மலை விளிம்பில் ஒரு காட்சிமுனை, கையில் மிளகாய் பஜ்ஜி. திடீரென்று மனைவியின் தலைமுடி இழை இழையாக மேலே எழும்பியிருக்கிறது. "பலாப்பழத்துக்குப் பொட்டு வெச்ச மாதிரி இருக்கே!" என்று கணவர் விழுந்து விழுந்து சிரிக்க, "உங்க தலையில இருக்கிற நாலு முடியும் நட்டுக்கிட்டுத்தாங்க நிக்குது" என்று அவர் திருப்பிக் கொடுக்க, அப்படியே ஒரு செல்ஃபி.

பார்த்ததும் எங்கள் அலுவலகமே சிரித்தது உண்மை. அப்புறம்தான் படத்தின் ஓரத்தில் இருந்த மஞ்சள் பலகை கண்ணில் பட்டது. பாதியைக் கணவரின் முழங்கை மறைத்திருந்தது. மீதியில் 'மின்னல்', 'நிற்க வேண்டாம்' என்ற சொற்கள் பளிச்சென்று தெரிந்தன. பஜ்ஜிக்கடைக்காரர் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டே "கீழ போயிருங்க சார்" என்றாராம். கடை சாத்துகிற அவசரம் என்று நினைத்துவிட்டார்கள். தூரத்தில் இடி உறுமிக்கொண்டுதான் இருந்ததாம். தூறல் விழுந்ததும், போன் நனையுமே என்று காருக்கு ஓடியிருக்கிறார்கள். கதவைச் சாத்தவும் மேலே இடி விழவும் சரியாக இருந்தது.

முடி ஏன் அப்படி எழும்பியது? மேகத்தின் அடிப்பகுதியில் எதிர் மின்னூட்டம் சேரச் சேர, கீழே தரையில் நேர் மின்னூட்டம் திரள்கிறது. அது உயரமான இடம் தேடி ஏறும். மலை உச்சியில் நிற்கும் மனிதனின் தலை அதற்கு வசதியான இடம். முடிகள் எல்லாவற்றிலும் ஒரே வகை மின்னூட்டம் ஏறுவதால் ஒன்றையொன்று விலக்கி விறைத்து நிற்கின்றன. தோலில் சுருசுருவென்று ஓர் உணர்வு, பக்கத்துக் கம்பியிலோ பாறையிலோ 'ஙொய்' என்ற ரீங்காரம், இவையும் சேர்ந்து வரலாம். மின்னல் அந்த இடத்தைக் குறிவைத்துவிட்டது என்று பொருள். படம் எடுக்க அங்கே நேரமே கிடையாது.

இதற்கு உலகம் அறிந்த சாட்சி ஒன்று உண்டு. 1975 ஆகஸ்ட் 20, கலிபோர்னியாவின் செக்கோயா தேசியப் பூங்காவில் மோரோ ராக் என்ற பெரும்பாறை. மேலே ஏறிய சகோதரர்கள் இருவருக்கு முடி செங்குத்தாக நின்றது. சிரித்துக்கொண்டே படமும் எடுத்துக்கொண்டார்கள். சற்று நேரத்தில் மின்னல் தாக்கியது. தம்பி படுகாயத்தோடு பிழைத்தான். அதே பாறையில் இருந்த வேறொருவர் இறந்துபோனார். அந்தச் சிரித்த முகங்களின் படம்தான் இன்று அமெரிக்காவில் மின்னல் எச்சரிக்கைக்குப் பயன்படுகிறது. நம் நாட்டிலும் 2021 ஜூலை 11 அன்று ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டை அருகே குன்றின் மேலிருந்த காவல் கோபுரத்தில், மழையை ரசித்துச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மீது மின்னல் பாய்ந்தது. குறைந்தது 11 உயிர்கள் போயின.

இடிச் சத்தம் காதில் விழுந்தாலே நாம் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம். தலைக்கு மேல் மழை இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். மேகத்திலிருந்து 10 கிலோமீட்டர் தாண்டியும் மின்னல் விழும். மரத்தடியும் சுவரில்லாத கொட்டகையும் ஆபத்து. நல்ல கட்டடம், இல்லாவிட்டால் கண்ணாடி ஏற்றிய கார். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள். புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் 'தாமினி' செயலி, அருகில் மின்னல் வருவதை முன்கூட்டியே சொல்லும். இலவசம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மின்னல் பட்டவரைத் தொடவே பயந்து விலகி நிற்கிறவர்கள் நம்மில் ஏராளம். அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. தொட்டால் ஷாக் அடிக்காது. பேச்சுமூச்சு இல்லாமல் கிடந்தால் உடனே நடுநெஞ்சில் வேகமாக அழுத்தத் தொடங்குங்கள், பக்கத்தில் இருப்பவரை 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். பலரை அப்படிப் பிழைக்க வைக்க முடியும்.

இந்தக் கோடையில் மலைக்குக் கிளம்புகிறவர்கள், வண்டியில் ஏறும் முன் பிள்ளைகளிடம் இதையெல்லாம் ஒரு தடவை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்