ஊசி மறுத்த உத்தமர்கள்

ஓர் ஊசியின் விலை சில காசுகள். அந்த ஊசியை அரசு அனுமதிக்கலாமா, அனுமதித்தால் நாட்டின் ஒழுக்கம் கெட்டுவிடாதா என்று ஓர் ஆளவந்தார் ஆற அமரச் சிந்தித்தார். சிந்தித்து முடித்து அவர் கையெழுத்திட்டபோது, கணக்கில் வந்த நோயாளிகள் மட்டும் 79 பேர்!

நடந்த இடம், அமெரிக்க நாட்டிலே இந்தியானா மாநிலத்தின் ஸ்காட் மாவட்டம். நாள், 2015 மார்ச் 26. ஆளவந்தார், பிற்பாடு அந்நாட்டின் துணைக் குடியரசுத் தலைவராக வீற்றிருந்த மைக் பென்ஸ். அன்று அவர் இந்தியானாவின் ஆளுநர். (அங்கே ஆளுநர் என்றால் மேலிடம் அனுப்பிவைக்கும் விருந்தாளி அல்லர், தோழர்களே! மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர்.)

ஸ்காட் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 24,000. ஆண்டுக்கு ஐந்து பேருக்குக்கூட எச்.ஐ.வி. காணப்படாத பகுதி. 2014-ஆம் ஆண்டின் கடைசியிலே தலைகாட்டிய அந்நோய், ஓராண்டுக்குள் 180 பேருக்கு மேல் பற்றிக்கொண்டது. எப்படி? “ஒழுக்கங்கெட்டவர்கள், அனுபவிக்கட்டும்” என்று பதில் சொல்லிவிட்டு, மேல்துண்டை உதறித் தோளிலே போட்டுக்கொண்டு நடக்கிற பெரிய மனிதர்கள் எந்த நாட்டிலும் உண்டு. அவர்கள் நடக்கட்டும், நாம் நின்று பார்ப்போம்.

ஓபானா என்றொரு வலிநீக்கி மாத்திரை. கள்ளச்சரக்கல்ல, அரசின் அனுமதியோடு கம்பெனி தயாரித்து, மருந்துக் கடையிலே விற்ற சரக்கு. அதைப் பொடித்து மூக்கால் உறிஞ்சிய போதை அடிமைகளைத் தடுப்பதாகச் சொல்லி, 2012-இலே மாத்திரையின் அமைப்பை மாற்றினார்கள். உறிஞ்ச முடியாதவர்கள் கரைத்து ஊசியில் ஏற்றத் தலைப்பட்டார்கள்; ஒரே நாளிலே பலமுறை! போதைக்கென ஊசி வைத்திருந்தால் சிறை என்றது சட்டம். ஆகவே ஒரே ஊசி தந்தை கையிலிருந்து மகன் கைக்கும், அவன் கையிலிருந்து அண்டை வீட்டான் கைக்கும் போயிற்று. அந்த மாத்திரையைச் சந்தையிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அரசின் மருந்துத்துறை கம்பெனியைக் கேட்டுக்கொண்டது எப்போது தெரியுமா? 2017-இலே! ஊசி வைத்திருந்தவனுக்குச் சிறை. மாத்திரை விற்றவனுக்கு வேண்டுகோள்!

சோதித்துப் பார்க்க இடமாவது இருந்ததா? ஸ்காட்ஸ்பர்க் என்னும் ஊரிலே பிளான்டு பேரன்ட்ஹுட் அமைப்பின் சிறு மருந்தகம் ஒன்று இருந்தது. பால்வினை நோய்களுக்கும் எச்.ஐ.வி.க்கும் சோதனை நடந்த இடம். கருக்கலைப்புச் செய்யாத மருந்தகம் அது. ஆயினும் கருக்கலைப்பு எதிர்ப்பாளர்கள் அந்த அமைப்பின் பெயரைக் கேட்டாலே சீறினார்கள். அதற்கு அரசுப் பணம் போகக்கூடாது என்று நாடாளுமன்றத்திலே 2007 முதல் மசோதாக்களோடு நின்றவர் யார்? இதே பென்ஸ்! பொதுநிதி வற்றியது. 2013-இலே மருந்தகம் மூடப்பட்டது. அதன்பின் எச்.ஐ.வி. சோதனைக்கு அந்த மாவட்டத்திலே வேறு நிலையம் இல்லை. விளக்கை அணைத்தார்கள், பிறகு, “இருட்டிலே பாம்பு இருப்பது எமக்கெப்படித் தெரியும்?” என்றார்கள்.

நோய் வெளிப்பட்டபின் ஊசி வழங்க அனுமதி கேட்ட மாவட்டக் காவல் தலைவரிடம், வீட்டுக்குச் சென்று பிரார்த்தனை செய்கிறேன் என்று பென்ஸ் சொன்னதாக நியூயார்க் டைம்ஸ் ஏடு 2016-இலே எழுதியது. அவர் பிரார்த்தனைக்கு நாம் குறுக்கே நிற்கவில்லை. நோய்க்கிருமிதான் அது முடியும்வரை காத்திருக்கவில்லை!

ஆனால் அந்தப் பிரார்த்தனையைக் கேலி செய்துவிட்டு ஓய்ந்துவிடுவது, குற்றவாளிக்கு நாமே வாய்தா வாங்கிக் கொடுப்பதாகும். கிரெக் கொன்சால்வஸ் என்னும் நோய்ப்பரவல் ஆய்வறிஞர் அதைத்தான் எடுத்துக்காட்டினார். யார் அவர்? எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மருந்து கேட்டு ஆக்ட்-அப் இயக்கத்தோடு தெருவிலே இறங்கிப் போராடியவர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு, நெடுங்காலம் கழித்துத் திரும்பிப் படித்து, யேல் பல்கலைக்கழகத்திலே ஆய்வாளரானவர். கோஷம் எழுப்பிய வாயே கணக்கும் சொல்லிற்று.

தம் சக ஆய்வாளர் பாரஸ்ட் கிராபோர்டுடன் 2018-இலே லான்செட் எச்.ஐ.வி. இதழில் அவர் வெளியிட்ட கணக்கு இது: 2013 தொடக்கத்திலேயே தடுப்புப் பணி தொடங்கியிருந்தால் தொற்று 56 பேருக்குள் அடங்கியிருக்கும். 2011 ஏப்ரலில், ஊசியால் பரவும் ஹெபடைட்டிஸ் சி அங்கே பெருகியபோதே தொடங்கியிருந்தால், 10 பேருக்குள்! பென்ஸ் நெருக்கடியை அறிவிப்பதற்கு இரண்டு திங்களுக்கு முன்பே, கண்டறியப்படாத தொற்று உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது என்பதும் அந்த ஆய்வின் முடிவு.

2011-இலே இந்தியானாவின் ஆளுநர் பென்ஸ் அல்லர், மிட்ச் டேனியல்ஸ். ஆகவே ஓர் ஆளின் கைநடுக்கத்தை மட்டும் பேசிப் பயனில்லை. ஆட்சியாளர் மாறினாலும் மாறாத ஒரு கொள்கை குற்றவாளிக் கூண்டிலே நிற்கிறது. ஊசி வழங்குவதற்கு மத்திய அரசுப் பணம் கூடாதென்று அமெரிக்கா 1988-இலே தடை போட்டது. ஊசி மாற்றித் தருவது நோயைக் குறைக்கிறது, போதைப் பழக்கத்தைப் பெருக்குவதில்லை என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சரே 1998-இலே அறிவித்தார். அறிவித்துவிட்டு? தடை நீடிக்கும் என்றது கிளின்டன் அரசு! உண்மை தெரியாமல் செய்த பிழையா இது?

“ஊசி கொடுத்தால் போதைக்கு ஊக்கம் கொடுத்ததாகாதா?” என்கிறார்கள். குடை கொடுத்ததாலா மழை வருகிறது? ஊசி வாங்க வருகிறவனிடந்தான் செவிலி பேச முடியும். சோதனைக்கு அழைக்க முடியும். போதையிலிருந்து மீளச் சிகிச்சைக்கு வழிகாட்ட முடியும். பூட்டிய கதவு யாரைத் திருத்தியது?

இது அயல்நாட்டு வம்பு என்று நம்மவர் முகஞ்சுளிக்க வேண்டாம். “எய்ட்ஸ் மேலைநாட்டான் நோய், நம் பண்பாடு நம்மைக் காக்கும்” என்ற பேச்சு இங்கேயும் ஓங்கி ஒலித்த காலம் உண்டு. 1986-இலே சென்னையில் சுனிதி சாலமன் அவர்களும் அவர்தம் மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்ட பெண்களின் குருதியைச் சேகரித்து வேலூரிலே சோதித்தார்கள். ஆறு பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. பண்பாடு காக்கவில்லை, ஒரு மாணவி பனிக்கட்டிப் பெட்டியோடு செய்த பயணந்தான் நாட்டை எழுப்பியது.

ஸ்காட் மாவட்டத்திலே 2015 ஏப்ரலில் ஊசி நிலையம் திறந்தது. சோதனையும் மருந்தும் உடன்வந்தன. சில ஆண்டுகளிலே புதிய தொற்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இறங்கியது. இறங்கியபின் என்ன செய்தார்கள்? 2021 ஜூனிலே மாவட்ட ஆணையர்கள் மூவர் கூடினார்கள். நிலையத்தை மூட இருவர் கை தூக்கினார்கள், ஒருவர் மறுத்தார். கொன்சால்வசின் கணக்கு அச்சேறி அன்றைக்கு மூன்றாண்டுகள்கூட நிறைவடையவில்லை.